தமிழ் வழியாகவே சீனம்: காரைக்குடியிலிருந்து ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "தேவகோட்டையில் இருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சீன மொழி கற்கவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் சுமார்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு இது நடக்கிற காரியமா? நமக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தம்? படித்துத்தான் என்ன ஆகப்போகிறது?"

நடக்கிற காரியம்தான். ஆங்கிலம் சுமார் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சீனம் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடியும்: சீனத்துக்குப் போகத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதில்லை. நேர்வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆகவே பதில் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனம் என்றாலே உலகத்திலேயே கடினமான மொழி என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், சீனத்தில் தேர்ச்சி பெறச் சுமார் 2200 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டது. அவர்கள் இடறும் இடங்களில் பாதி நம் பிள்ளைகளுக்குச் சமதளம். நாமோ அவர்களுக்கென்று எழுதிய பாடநூலை வாங்கிக் கொடுத்து, அவர்களுடைய தடுமாற்றத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறோம்.

முதலில் ஒலி. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுத 1958 முதல் சீனாவில் வழக்கில் இருப்பது பின்யின் முறை. அதில் 'ஆர்' என்ற எழுத்தால் குறிக்கப்படும் ஒலியைப் பாடநூல்கள் அரைப் பக்கம் விளக்கும். என் வகுப்பில் அதற்கு ஒரு நொடிதான். "ழகரத்தைச் சொல், அதையே சொல்லின் தொடக்கத்தில் வை" என்பேன். மனிதரைக் குறிக்கும் 'ரென்' என்ற சொல்லை 'ழென்' என்று பிள்ளை சொன்னதும் பெய்ஜிங்காரர் காதுக்குப் பழக்கமான ஒலி பெரும்பாலும் வந்துவிடும். ட, ண, ள, ழ என்று நாவை மடித்துப் பழகியவர்களுக்கு, 'ச்', 'ஷ்' வரிசையில் நாவை மடித்துச் சொல்லவேண்டிய சீன ஒலிகளும் சீக்கிரம் பிடிபடுகின்றன.

அடுத்து வல்லினம். பின்யினில் 'பி', 'டி', 'ஜி' (b, d, g) என்ற எழுத்துகளைப் பார்த்ததும் ஆங்கிலப் பழக்கத்தில் தொண்டையை அதிரவைத்துச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லக்கூடாது. பல், தலை, கல் என்ற சொற்களின் முதல் ஒலிதான் அவை. தமிழைத் திருத்தமாகப் படிக்கும் பிள்ளைக்கு அது வாயிலேயே இருக்கிறது. இல்லாதது, மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் மறுவரிசை. அதற்கு நாள்காட்டித் தாளை நீளமாகக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். அப்பாவைக் குறிக்கும் 'பாபா'வைச் சொல்லும்போது தாள் அசையக்கூடாது. பயப்படுதலைக் குறிக்கும் 'ப்ஹா'வைச் சொல்லும்போது தாள் துள்ளவேண்டும். இந்தப் பயிற்சி தொடங்கினால் வளவில் கூச்சல் அடங்க வெகுநேரம் ஆகும்.

தமிழே தடையாக நிற்கும் இடமும் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. ஙகர மெய்யில் முடியும் சொல் தமிழில் கிடையாது. ஆகவே 'ஃபாங்' என்பதை நம் பிள்ளைகள் 'ஃபாங்க்' என்றோ 'ஃபாங்கு' என்றோ முடிப்பார்கள். சோற்றைக் குறிக்கும் 'ஃபான்' வேறு, ஒரு பொருளைக் கீழே வைப்பதைக் குறிக்கும் 'ஃபாங்' வேறு. இந்த ஒன்றைச் சரிசெய்ய மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கிறது.

எல்லாரும் அஞ்சுவது தொனியைப் பார்த்துத்தான். ஒரே 'மா' நான்கு தொனியில் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு பொருள் தரும் என்றதும் பெற்றோரே கலங்கிவிடுகிறார்கள். நான் 'மா'வில் தொடங்குவதே இல்லை. 'ம்' என்பதில் தொடங்குகிறேன். யாராவது கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுகிறோம். கூப்பிட்டது காதில் சரியாக விழாவிட்டால் 'ம்?' என்று குரல் மேலே ஏறுகிறது. யோசனையோடு இழுக்கும்போது அடித்தொண்டையில் தாழ்ந்து 'ம்ம்' என்கிறோம். 'சரி, போ' என்பதற்குப் பதிலாக 'ம்!' என்று வெட்டி இறக்குகிறோம். பாட்டுக்குச் சுதி பிடிக்கும்போது ஒரே உயரத்தில் 'ம்' நீள்கிறது. நான்கு தொனியும் அதில் வந்துவிட்டன. சீனர்களும் இதே முனகலைத் தொனி மாற்றிக் கேள்வியாகவும் வியப்பாகவும் சம்மதமாகவும் சொல்கிறார்கள் என்பதும் அவர்கள் அகராதியிலேயே அவை தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. வாயை மூடியபடியே நான்கையும் பிழையில்லாமல் முனகிக் காட்டிய பிறகுதான் 'மா'வுக்கு விடுகிறேன்.

வாக்கியத்துக்கு வருவோம். "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் அதே வரிசையில் சொல்லலாம்: நான், நேற்று, வாங்கு, 'த' என்ற ஓர் இடைச்சொல், புத்தகம். பெயரெச்சம் தமிழில் எங்கே நிற்கிறதோ அங்கேயே சீனத்திலும் நிற்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் புத்தகத்தை முன்னால் கொண்டுவந்து, மற்றதை எல்லாம் பின்னால் தள்ளி, மறுபடி திருப்பிப் போடவேண்டும். "வருகிறாயா" என்று கடைசியில் ஓர் ஆகாரம் சேர்த்து நாம் கேட்பதுபோல், சீனர் 'மா' என்று ஒரு சொல்லைக் கடைசியில் சேர்த்துக் கேட்கிறார்கள். காலமும் இடமும் வினைக்கு முன்னால் வருகின்றன. நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. வட சீனப் பேச்சில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தது என்று வினையை மாற்றும் வேலையும் அங்கே கிடையாது. செயப்படுபொருள் மட்டும் வினைக்குப் பின்னால் போகிறது, 'நான் சாப்பிடு சோறு' என்பதுபோல. அதைப் பழக்கவேண்டியிருக்கிறது.

எண்களும் அப்படியே. இருபத்தைந்து என்பது இரண்டு, பத்து, ஐந்து. லட்சத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவர்கள் பத்தாயிரத்தை 'வான்' என்று ஓர் அலகாக வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சம் பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான். 1,25,000 என்பது பன்னிரண்டு வான் ஐயாயிரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தொகைக் கணக்குப் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறதோ என்னவோ, இதை மட்டும் விளையாட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் உறவுமுறை. ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்' என்று போய்விடும் இடத்தில், சீனத்தில் அப்பாவின் அண்ணன் 'போபோ', தம்பி 'ஷூஷு', அம்மாவின் உடன்பிறந்தவர் 'ஜியூஜியு'. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஒவ்வொன்றாகப் பொருந்துகிறது. அப்பாவைப் பெற்றவளை அப்பத்தா என்றும் அம்மாவைப் பெற்றவளை ஆயா என்றும் பிரித்தே கூப்பிடும் செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளைக்கு, 'நாய்நாய்' என்றால் அப்பத்தா, 'வாய்போ' என்றால் ஆயா என்று சொல்லிவிட்டால் போதும். பரிசம், பங்காளி, முறை என்று பேச்சுக் கேட்டு வளர்ந்தவர்கள் அடுத்த கேள்வியையும் உடனே கேட்டுவிடுவார்கள். "அங்கே யார் யாரைக் கட்டலாம்?" பழைய சீனத்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்பது கட்டுப்பாடு. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தில் ஒரே கோயில் பிரிவைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பெண் எடுப்பதில்லை என்பதோடு வைத்து அதைப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. சீனத்தில் அவர்கள் மாமன், அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே வகைக்குள் போய்விடுகிறார்கள். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அங்கேயும் இருந்தது. 1980 திருமணச் சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. ஓர் உறவுமுறைப் பட்டியலிலிருந்து சமூகம், சட்டம், வரலாறு மூன்றும் வெளியே வருகின்றன. பண்பாட்டைத் தனிப் பாடமாக வைக்காமல் மொழிக்குள்ளேயே வைத்துச் சொல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நமது 'நீ'யும் சீனரின் 'நி'யும் ஒன்று, இரண்டு மொழிக்கும் ஒரே வேர் என்று பேசுகிறவர்கள் உண்டு. அது தற்செயல். என் வகுப்பில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பதில்லை. உண்மையான தொடர்புகள் எவ்வளவோ இருக்கும்போது கற்பனைத் தொடர்பு எதற்கு?

நமக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். சோழ அரசின் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்குச் சென்றதைச் சீனரின் ஏடுகளே பதிவு செய்திருக்கின்றன. ஃபுஜியான் மாநிலத்தின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். சகம் 1203, அதாவது 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அடியில் சீன எழுத்தும் உண்டு. அந்த ஊரின் கையுவான் பௌத்தக் கோயிலில் பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. கண்ணனும் நரசிம்மரும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சியாமென் நகரில் மொழி படித்துக்கொண்டிருந்தபோது அங்கே போய் அந்தத் தூணைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இந்த மொழியை எங்கள் ஊரில் கற்றுக்கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது அங்கேதான். சுவான்சோ 2021 இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இலங்கையின் காலி நகரில் 1911 இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுவிய அந்தக் கல்லில் 1409 என்ற ஆண்டும், சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளும் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தரையும் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும் போற்றுகிறது. சீனப் பேரரசு கடல் வழியே பேச வந்தபோது தேர்ந்தெடுத்த மொழிகளில் ஒன்று தமிழ். இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

செட்டிநாட்டுக் கணக்கில் இன்னும் நெருக்கமான சம்பந்தம் இருக்கிறது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற தொழிலிடம் வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். அவர்களிடம் கடன் வாங்கியவர்களில் சீனக் கடைக்காரர்களும் ஈயச் சுரங்கக்காரர்களும் உண்டு. எங்கள் ஐயா பினாங்கில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகப் போய்ச் சேர்ந்து மேலாளாக உயர்ந்தவர். சீனத்தில் எண்ணத் தெரியும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நான் மொழி கற்ற பிறகுதான் அது ஹொக்கியன் என்று விளங்கியது. பினாங்குச் சீனர்களின் வீட்டு மொழி அது. இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் மாண்டரின் வேறு. எழுத்து பொது, பேச்சு புரியாது. பெரியவர்களிடமிருந்து இரண்டொரு சீனச் சொற்கள் உங்கள் வீட்டிலும் மிச்சமிருந்தால், அவை எந்தச் சீனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தைப்பூசத்தில் முருகனைச் சுமக்கும் வெள்ளி ரதம் 1894 இல் காரைக்குடியில் செய்து அனுப்பப்பட்டது. அந்த ரதம் வரும் வழியில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். உங்கள் அடுக்களை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அன்னாசிப்பூ, தென் சீனத்தின் குவாங்ஷி மலைகளுக்குச் சொந்தமான மரத்தின் காய். கோழிக் குழம்புக்கு அதைத் தாளிக்கும் நாளில் உங்கள் மகளிடம் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து உணவு படைக்கும் சிங்மிங் நாள் வருகிறது. எங்கள் வீடுகளில் முன்னோருக்குப் புடவையும் வேட்டியும் வைத்துப் படைப்புச் செய்வதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை நீட்டி விளக்கவேண்டியதில்லை. சீனப் புத்தாண்டு ஜனவரி 21 க்கும் பிப்ரவரி 20 க்கும் இடையில் ஓர் அமாவாசையில் வரும். அதற்கு முந்தைய நாள் எங்கள் இரண்டாங்கட்டில் எல்லாருமாக உட்கார்ந்து, வடசீனத்தார் செய்யும் ஜியாவ்சி பிடிக்கிறோம். சோமாசி விளிம்பை மடித்துப் பழகிய கை அதற்கும் அப்படியே பொருந்துகிறது. பாட்டிமார்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பூரணம் மட்டும் காய்கறி, சைவ வீடுகள் ஆயிற்றே.

எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயிரக்கணக்கான படங்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்துவிட்டால் யாரும் நிலைக்க முடியாது. பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டுகளால் ஆனவை: ஒன்று பொருளுக்குச் சாடை, இன்னொன்று ஒலிக்குச் சாடை. 'மா' என்ற குதிரை எழுத்தின் இடப்பக்கம் பெண் என்ற துண்டைச் சேர்த்தால் தாய். வாய் என்ற துண்டைச் சேர்த்தால் கேள்விக் குறிப்பு. கல் என்ற துண்டைச் சேர்த்தால் குறியீட்டு எண். மேலே இரண்டு வாய் வைத்தால் திட்டுதல். குதிரையை ஒருமுறை ஒழுங்காகக் கற்றால் ஐந்து எழுத்து கைக்கு வருகிறது. கோடுகளுக்கு வரிசை உண்டு: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு முன்னால், செங்கோடு பின்னால், சுற்றுச்சுவர் போட்டு உள்ளே நிரப்பிய பிறகே கடைசிக் கோட்டால் அடைப்பது. இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வரிசை தவறிய கைக்கு வேகம் வராது.

பெய்ஜிங் பூங்காக்களில் முதியவர்கள் நீண்ட தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நடைபாதைக் கல்லில் எழுதுவார்கள். அதையே எங்கள் முற்றத்துக் கருங்கல்லில் செய்கிறோம். வெயிலில் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. பிழையாக எழுதினோமே என்று வருந்த நேரமில்லை, அடுத்ததை எழுதலாம். நோட்டுக்கு அஞ்சும் பிள்ளைகள் கல்லில் தயங்காமல் எழுதுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'எதிரி நாட்டு மொழி எதற்கு' என்று உறவினர்கள் கேட்கக்கூடும், 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு என்னிடமும் கேட்டார்கள். மாண்டரின் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்று, தைவானின் பொதுமொழி, மலேசியச் சீனப் பள்ளிகளின் பயிற்று மொழி. எல்லையில் பகை இருந்தாலும் அண்டை நாட்டைப் பற்றி நமக்கு நேராகத் தெரியவேண்டாமா? சீன வானொலி 1963 இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. பெய்ஜிங்கில் இருந்தபடியே தமிழ் கற்ற சீனர்கள், தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு நம்மோடு பேசினார்கள். அந்த உழைப்பில் பாதியாவது நம் பக்கமிருந்து வரவேண்டும் என்பது என் தீராத ஆசை.

வேலையைப் பற்றி இரண்டே வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தைவான் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சீனமும் தமிழும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அங்கே தேவைப்படுவார். வேலை உண்டு. ஆனால் வேலையை மட்டும் நினைத்துத் தொடங்கியவர்கள் முதல் வருடத்திலேயே நின்றுபோவதைத்தான் பார்க்கிறேன். உங்கள் மகள் பிடிவாதமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிடிவாதம்தான் முதலீடு, அதை அணைத்துவிடாதீர்கள்.

இனி செய்யவேண்டியது. முதல் மாதம் எழுத்து வேண்டாம், ஒலியும் தொனியும் போதும். பின்யினைக் கற்றுக்கொள்ளட்டும், சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் தொடங்கவேண்டாம், மூச்சொலிகளும் தொனிகளும் அதில் தொலைந்துபோகும். இந்தப் பதிலில் நான் எழுதியிருப்பது உங்களுக்கு அடையாளம் காட்டத்தான். எழுத்தைத் தொடங்கும்போது சீனாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் எளிய வடிவத்தையே எடுத்துக்கொள்ளட்டும், தைவானின் பழைய வடிவம் பிறகு படிக்கக் கூடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு எழுத்துப் பயிற்சிக்கு நன்றாக உதவும். கைபேசியில் பிளெக்கோ என்ற அகராதிச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது, விரலால் எழுத்தை வரைந்தாலும் பொருள் காட்டும். விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும் சிறு சிறு சொற்கள்தான், சமாளித்துக்கொள்வாள். எச்.எஸ்.கே. என்ற சீன அரசுத் தேர்வு நல்ல அளவுகோல். 2010 அமைப்பில் ஆறு நிலைகள், முதல் நிலைக்கு 150 சொற்கள். 2021 இல் வெளியான புதிய தர அளவில் ஒன்பது நிலைகள், முதல் நிலைக்கே 500 சொற்கள். எதற்குத் தயாராகிறாள் என்பதைப் பார்த்துப் புத்தகம் வாங்குங்கள்.

பட்டப்படிப்பாகத் தொடர விரும்பினால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன மொழிக்கு இளங்கலை உண்டு. தாகூரும் தான் யுன்-ஷானும் 1937 இல் சாந்திநிகேதனில் தொடங்கிய சீனா பவனம் இன்றும் நடக்கிறது. இரண்டிலும் வெளி மாநிலப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த இடங்களுக்கு ஆங்கிலம் ஓரளவு வேண்டும், அதை இப்போதிருந்தே தனியாகத் தேற்றிக்கொள்ளட்டும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் எழுத்துப் பயிற்சியை நிறுத்திவிடலாம், தவறில்லை. கேட்பதை மட்டும் தினமும் கால் மணி நேரம் விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறந்த எழுத்தை ஒரு விடுமுறையில் மீட்டுவிடலாம். பிடிவிட்ட தொனி அவ்வளவு சீக்கிரம் காதுக்குத் திரும்புவதில்லை.